ஜனவரிப் பலகையும் கிணற்றடிக் கட்டையும்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், நாங்கள் குடியிருக்கும் ஒழுங்கையின் முகப்பில் ஒரு சனசமூக நிலையம் இருக்கிறது. அதன் வாசலில் ஒரு கரும்பலகை. பெயருக்குத்தான் அது ஊருக்குச் சொந்தம். உண்மையில் அது செயலாளரின் சொத்து. அவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மாதம் பிறந்தால் போதும், காலையிலேயே குளித்து, திருநீறு பூசி, சோக்கும் கையுமாக வந்து நின்றுவிடுவார். மேலே எப்போதும் ஒரே தலைப்பு: 'இந்த மாதத்தில் வரலாறு.' கீழே, உலகத்தில் அந்த மாதம் நடந்த பெரிய காரியங்கள்.

ஜூலை என்றால் மனிதன் சந்திரனில் கால் வைத்தது. ஒக்ரோபர் என்றால் ரஷ்யாக்காரர் முதல் செயற்கைக்கோளை மேலே விட்டது. நவம்பரில் பெர்லின் மதில் விழுந்தது. கொக்குவிலில் ஒரு மதில் விழுந்தால் வழக்கு வருமே தவிர வரலாறு வராது. இதை நான் அவருக்கு நேரிலேயே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு வரலாறு என்றால் கோயில் மூலஸ்தானம் மாதிரி, செருப்போடு கிட்டப் போகக்கூடாது.

போன டிசம்பரில்தான் எனக்குப் பொறுமை போனது. பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: 1903 டிசம்பரில் மனிதன் முதன்முதல் விமானத்தில் பறந்தான். நான் சந்தைக்குப் போகும் வழியில் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். பறந்தவர்கள் அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பிறகு எங்கள் தலைக்கு மேலும் அல்லவா வந்து குண்டு போட்டார்கள்? அதையும் எழுதினால் என்ன என்று கேட்டேன். எங்கள் ஒழுங்கையில் எழுதுகிற மாதிரி ஒன்றுமே நடக்கவில்லையா என்றும் கேட்டேன்.

"உங்கை நடந்தது செய்தி, தங்கச்சி. வரலாறு வேறை," என்றார் அவர்.

எனக்கு வந்த கோபத்தில் கத்தரிக்காய் வாங்கப் போன நான் பூசணிக்காயோடு வீட்டுக்கு வந்தேன்.

ஆனால் மனுசனுக்கு எங்கேயோ தைத்திருக்க வேண்டும். ஜனவரி பிறந்த அன்று பலகையில் இரண்டு காரியங்கள் இருந்தன. ஒன்று, 1863 ஜனவரியில் லண்டனில் உலகத்திலேயே முதன்முதலாக நிலத்துக்குக் கீழே ரயில் ஓடியது. மற்றது, 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரைக்கும் எங்கள் ரயில், அதுதான் கோச்சி, திரும்பவும் ஓடத் தொடங்கியது. அந்தக் கோச்சி எங்கள் வளவுகளுக்குப் பின்பக்கத்தால்தான் போகிறது. அது போகும்போது எங்கள் வீட்டு அலுமாரிக் கண்ணாடி கிலுகிலுக்கும். பத்தாவது ஆண்டு வந்திருப்பதால் நிலையத்தில் ஒரு சிறு கண்காட்சி, புகையிரதப் பகுதியில் இருந்து ஒரு அதிகாரியும் வருவார் என்று எழுதியிருந்தது.

அதோடு விட்டிருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை. கடைசியில் கோடு போட்டு ஒரு வரி: 'பழைய ரயில் பாதைக்குரிய பொருட்களை வைத்திருப்போர் உடனடியாகச் செயலாளரிடம் அறியத் தரவும்.'

எங்கள் சனத்தைத் தெரிந்த யாராவது இப்படி எழுதுவார்களா? இருபத்தைந்து முப்பது வருடமாக, ஒன்றை வைத்திருப்பவர் அறியத் தரவும் என்று எவன் எழுதினாலும், அறியத் தந்தவனிடம் அந்தச் சாமான் மிஞ்சியதில்லை. சைக்கிள் போயிருக்கிறது, ரேடியோ போயிருக்கிறது, வளவும் போயிருக்கிறது. ஆகவே எங்கள் ஆட்களிடம் ஒரு சாமானைப் பதியச் சொன்னால் முதலில் அதைப் புதைப்பார்கள். பிறகுதான் ஏன் என்று கேட்பார்கள்.

ஒளிக்க என்ன இருந்தது என்று கேட்பீர்கள். சிலிப்பர் கட்டை இருந்தது. தண்டவாளத்துக்குக் குறுக்கே படுத்துக் கிடக்குமே, அந்தக் கனத்த மரக்கட்டை. யுத்தம் தொடங்கிக் கோச்சி நின்ற பிறகு, வானத்தில் இரைச்சல் கேட்கத் தொடங்கிய காலத்தில், ஒளிந்திருக்க வளவுகளில் பங்கர் வெட்டினோம். பங்கருக்கு மேல் மூட என்ன இருக்கிறது? பனையைத் தறித்தவர்கள் தறித்தார்கள். எங்கள் பக்கத்தவர்களுக்குப் பின்வளவுக்கு அங்கால் ஆளில்லாத ரயில் பாதை கிடந்தது. யுத்தம் முடிந்து பங்கர்கள் தூர்ந்தன, கட்டைகள் தூரவில்லை. ஒரு வீட்டில் படலைக்குப் படியாயிற்று. ஒரு வீட்டில் ஆட்டுக்கொட்டிலுக்குத் தூண். ஒரு வீட்டில் வாழைப் பாத்திக்கு வரம்பு. சனசமூக நிலையத்தின் வாங்குகூட இரண்டு கல்லுக்கு மேல் வைத்த சிலிப்பர் கட்டைதான். செயலாளர் இத்தனை வருடமும் அதன்மேல் இருந்துகொண்டே பேப்பர் வாசித்தவர். அவருக்கு அது தெரியாது. யுத்தகாலத்தில் பாதியை அவர் கொழும்பில் கழித்தவர்.

பலகையைப் படித்த அன்று பின்னேரமே வேலை தொடங்கியது. படலைப் படிக்குச் சீமெந்து பூசினார்கள். ஆட்டுக்கொட்டில் தூணுக்கு உரப்பையைச் சுற்றி, அதில் ஏதோ கொடியைப் படரவிட்டார்கள். நிலையத்து வாங்குக்கு யாரோ பூப்போட்ட மேசைவிரிப்பை ஆணியடித்துவிட்டுப் போயிருந்தார்கள். செயலாளர் அதைப் பார்த்து, கண்காட்சிக்கு ஊர்மக்கள் இவ்வளவு ஆர்வமாக இருக்கிறார்களே என்று சந்தோசப்பட்டார்.

என்ரை மனுசன் எல்லாரையும்விடக் கெட்டிக்காரன். எங்கள் வீட்டுக் கட்டை பின்விறாந்தையில் அம்மி வைக்கிற மேடையாகக் கிடந்தது. ஒளித்தால் கண்டுபிடிப்பார்களாம், அழித்துவிட்டால் யார் கண்டுபிடிப்பார்கள் என்றார். கோடாலி எடுத்தார், ஆப்பு அடித்தார், வியர்த்து விறுவிறுத்துக் கட்டையைப் பிளந்து, தைப்பொங்கல் அன்று முற்றத்தில் பொங்கல் அடுப்புக்கு விறகாக வைத்தார். அந்தக் கட்டை உக்காமல் இருக்க அந்தக் காலத்திலேயே தார் எண்ணெய் பருக்கியிருந்தார்கள் என்பது அவருக்கு மறந்துபோயிற்று. சூரியன் எழும்ப முதல் எங்கள் முற்றத்தில் கறுப்புப் புகை எழும்பியது. றோட்டுப் போடுகிற இடத்து மணம். பால் பொங்கியதா இல்லையா என்று எனக்குப் புகைக்குள் தெரியவில்லை. படைத்த பொங்கலை வாயில் வைத்த பேரப்பிள்ளை, "அம்மம்மா, பொங்கல் ரயர் மாதிரி மணக்குது," என்றது. முழு ஒழுங்கைக்கும் நாங்கள் எதை எரித்தோம் என்று மூக்காலேயே தெரிந்துவிட்டது. மனுசன் பழுதாய்ப் போன பொங்கலை முழுவதும் சாப்பிட்டார். நானும் அவருக்குத் திரும்பத் திரும்பப் போட்டேன்.

இதெல்லாம் சிரிப்புத்தான். சிரிக்க முடியாத ஒருத்தி பக்கத்து வளவில் இருந்தாள்.

அவள் என் மச்சாள். என் மனுசனின் அக்கா. அவளுடைய வளவு ஒரு பக்கம் எங்களோடும் மறுபக்கம் சனசமூக நிலையத்தோடும் ஒட்டியது. அவளுடைய கிணற்றடியில் கிடப்பதுதான் இந்த ஒழுங்கையிலேயே முழுசாக மிஞ்சிய கட்டை. அதன்மேல் இருந்துதான் அவள் உடுப்புத் தோய்ப்பாள், மீன் வெட்டுவாள், பின்னேரத் தேத்தண்ணி குடிப்பாள். அவளுடைய மனுசன் செத்துச் சில வருடங்கள். நெஞ்சு நோகிறது என்று சொன்னவர், ஆசுப்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டார்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பங்கர்தான் இருந்தது. அதற்கு மேலே போட்ட கட்டைகள் அத்தனையையும் கொண்டுவந்தவர் மச்சாளின் மனுசன், அந்த அண்ணைதான். சைக்கிள் கரியரில் ஒரு முனையைக் கட்டி, மற்ற முனையைத் தோளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார். சைக்கிளின் பின்சில்லு எட்டுப்போல நெளிந்துவிட்டது. பிறகு சைக்கிள் இல்லாமலே கொண்டுவந்தார். என் மனுசனைக் கேட்டால் தானும் தூக்கியதாகச் சொல்லுவார். அவர் தூக்கியது விளக்கு.

பொங்கல் முடிந்து கண்காட்சிக்குச் சிலநாள் இருக்கும்போது மச்சாள் வேலி இடைவெளியால் என்னைக் கூப்பிட்டாள். கட்டையைப் புரட்டி மாட்டுக்கொட்டில் பின்பக்கம் கொண்டுபோக வேண்டும், வந்து ஒரு கை பிடி என்றாள். அலவாங்கு வைத்து நெம்பினோம். அது அசையவில்லை. எனக்குத்தான் இடுப்புப் பிடித்தது. நிமிர முடியாமல் நின்றுகொண்டே, போனால் போகட்டும் மச்சாள், ஒரு பழைய மரத்துக்காக நாங்கள் ஏன் சாக வேண்டும், நல்ல வாங்கு ஒன்று நான் வாங்கித் தாறேன் என்றேன்.

மச்சாள் கட்டையில் இருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"மரம் போனால் போகட்டும். ரயில்வே ஆக்கள் வந்து உது ஆர் எடுத்தது எண்டு கேட்பினம். உவர் செயலாளர் அதையும் வடிவாப் பலகையிலை எழுதிவிடுவார். செத்த மனுசனைக் கள்ளன் எண்டு இந்த ஒழுங்கை வாசிக்கவோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது, இவள் கட்டையை ஒளிக்கவில்லை என்று. அண்ணை ஒரு நாளும் பிறத்தியாரின் தேங்காய் ஒன்றைக்கூடப் பொறுக்காதவர். வேலிக்கு அவர்கள் பக்கம் விழுந்த எங்கள் மாம்பழத்தைக்கூடக் கூப்பிட்டுத் தருவார். அவருக்குக் கெட்ட பெயர் என்றால் எனக்கும் பொறுக்காது. கடைசியில் கட்டைக்கு மேல் சாக்கைப் போர்த்து, அதன்மேல் பனங்கிழங்கைப் பிளந்த ஒடியலைக் காயப்போட்டோம். பார்க்க ஒடியல் காயவைக்கிற மேடை மாதிரியேதான் இருந்தது. மச்சாளுக்குத் திருப்தியில்லை.

மச்சாளைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அவள் புருசனின் பெயரை வாயால் சொல்லமாட்டாள். அந்தக் காலத்து வளர்ப்பு. உயிரோடு இருக்கும்போது 'இஞ்சாருங்கோ', செத்த பிறகு 'அவர்', அவ்வளவுதான். கிராம சேவகரிடம் போனாலும், கிளினிக்கில் துண்டு எழுதினாலும், கணவர் பெயர் என்ன என்று கேட்டால் திரும்பி என்னைப் பார்ப்பாள். நான்தான் சொல்ல வேண்டும். இதற்காகவே என்னை எங்கும் கூட்டிக்கொண்டு போவாள். கிராம சேவகர் ஒருமுறை, நீங்கள் இருவரில் யார் அவருடைய மனைவி என்று கேட்டுவிட்டார்.

கண்காட்சி நாள் வந்தது. செயலாளர் வேட்டி சால்வையோடு நின்றார். மேசையில் காட்சிக்கு இருந்தது ஒரு பழைய கோச்சி ரிக்கற், அதுவும் அவருடைய சொந்த ரிக்கற். பக்கத்தில் கொழும்பில் எடுத்த அவருடைய படம் ஒன்று. வேறு ஒன்றுமில்லை. மச்சாளைத் தவிர ஒழுங்கை முழுக்க வந்திருந்தது. கைகட்டி, நல்ல பிள்ளைகளாக நின்றது. தங்களிடம் ஒன்றும் இல்லை என்று கேட்காமலே சொன்னது. எனக்குச் செயலாளரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

வந்த அதிகாரி வவுனியாப் பக்கத்துத் தம்பி. யுத்தம் நடக்கும்போது சின்னப் பிள்ளையாக இருந்திருப்பார். பூப்போட்ட விரிப்புப் போட்ட வாங்கில் அவரை இருத்தி, உளுந்துவடையும் தேத்தண்ணியும் கொடுத்தோம். வடை சாப்பிட்டவருக்குக் கை கழுவ வேண்டும். நிலையத்துக் குழாயில் தண்ணீர் இல்லை. செயலாளர் கொஞ்சமும் யோசிக்காமல், பக்கத்து வளவுக் கிணற்றடியில் கழுவலாம் என்று அனுப்பிவிட்டார்.

நான் தேத்தண்ணி ஏதனத்தை அப்படியே போட்டுவிட்டு அந்தப் பக்கத்து வேலி இடைவெளியால் ஓடினேன். எனக்கு முதல் மச்சாள் அவர் வருவதைக் கண்டுவிட்டாள். என்ன செய்தாள் தெரியுமோ? ஒடியலுக்கு மேலேயே போய் இருந்துவிட்டாள். வீட்டுக்கு வந்த பிற மனுசரைக் கண்டு எழும்பாமல் மச்சாள் இருந்ததை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அவளுக்குக் கீழே ஒடியல் ஒவ்வொன்றாக முறிகிற சத்தம் கேட்டது.

தம்பி கை கழுவினார். துலாக் கயிற்றை விட்டுத் திரும்பியவரின் கண் அவளுடைய காலடியில் நின்றது. சாக்கு ஒரு பக்கம் விலகி, கட்டையின் முனை தெரிந்தது. தண்டவாளத்தை இறுக்கிய ஆணியின் துளை அதில் அப்படியே இருந்தது.

"அம்மா, நீங்கள் இருக்கிறது சிலிப்பர் கட்டையெல்லோ?"

மச்சாள் என்னைப் பார்த்தாள். வழக்கமாக நான்தான் பதில் சொல்ல வேண்டும். நான் வாயைத் திறக்க முதல் அவளே சொல்லிவிட்டாள்.

"ஓம். லைனிலை கழட்டினதுதான். என்ரை அவர்தான் கொண்டுவந்தவர். ஆரும் சொல்லிக் கொண்டுவரேல்லை, விக்கவும் கொண்டுவரேல்லை. இதுக்குக் கீழை நானும் பிள்ளையளும், இவவும் இவவின்ரை பிள்ளையளும் இருந்தனாங்கள். மேலை விழுந்தது விழுந்ததுதான். நாங்கள் எழும்பி வெளியாலை வந்தனாங்கள். இப்ப உங்களுக்கு வேணுமெண்டால் தூக்கிக்கொண்டு போங்கோ. ஆனால் அவரைக் கள்ளன் எண்டு மட்டும் சொல்லாதையுங்கோ தம்பி."

அந்த இருட்டுக் கிடங்கும், மண் உதிர்ந்து பிள்ளைகளின் தலையில் கொட்டியதும், அண்ணை கடைசியாக உள்ளே இறங்கி வாசலை முதுகால் மறைத்துக்கொண்டு இருந்ததும் அப்படியே என் கண்முன் வந்து நின்றன. இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் இதை வாய்விட்டுக் கதைத்ததில்லை.

தம்பி குந்தியிருந்து அந்தத் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு, "உதைக் கொண்டுபோய் நாங்கள் என்ன செய்யிறது அம்மா? இப்ப லைன் முழுக்கக் கொங்கிறீற்றுக் கட்டையெல்லே போட்டிருக்கு," என்றார்.

கொங்கிறீற்று! பத்து வருடமாக நாங்கள் சந்தைக்கும் கோயிலுக்கும் அந்த லைனைக் கடந்துதான் போகிறோம். அன்றைக்குக் காலையிலும் கடந்தேன். சாம்பல் நிறத்தில், வரிசையாக, கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. மரக்கட்டையை ரயில்வேக்காரர் திரும்பக் கேட்பார்கள் என்று ஒழுங்கையே பயந்ததே, ஒருவராவது குனிந்து பார்த்தோமா? எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பொங்கல்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என்ரை மனுசனைப் பார்த்தேன். அவர் மாமரத்தில் ஏதோ காகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி அந்தக் கட்டையைப் படம் எடுக்கலாமா என்று கேட்டார். மச்சாள் எழும்பி, நொருங்கிய ஒடியலைத் தட்டிவிட்டு, சாக்கை இழுத்து எறிந்தாள். படம் எடுக்கிறதைக் கண்டு செயலாளர் வந்தார், செயலாளருக்குப் பின்னால் ஒழுங்கை வந்தது. கண்காட்சி முழுவதும் கிணற்றடிக்கு இடம் மாறிவிட்டது. அதற்குப் பிறகு யாருக்கும் வெட்கமில்லை. எங்களிடமும் ஒன்று இருக்கிறது, வந்து பாருங்கள் என்று தம்பியின் கையைப் பிடித்து இழுத்தார்கள். பூசிய சீமெந்தைக் கொத்திக் காட்டியவரும் உண்டு. நிலையத்து வாங்கின் கதையையும் யாரோ போட்டு உடைத்துவிட்டார்கள். செயலாளர் போய் விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

அடுத்தநாள் காலையில் பலகையில், லண்டன் நிலக்கீழ் ரயிலுக்குக் கீழே ஒரு புது வரி இருந்தது. 'யுத்தகாலத்தில் எமது ஒழுங்கையைச் சேர்ந்த ஒருவர் ரயில் பாதைக் கட்டைகளால் நிலத்துக்குக் கீழே பங்கர் அமைத்து இரு குடும்பங்களைக் காத்தார்.' லண்டனில் ரயிலோடு சனம் நிலத்துக்குக் கீழே போயிருக்கிறது. நாங்கள் ரயில்பாதையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு போயிருக்கிறோம். மனுசன் யோசித்துத்தான் அந்த இடத்தில் எழுதியிருக்கிறார். அவரை நான் மனதுக்குள் மன்னித்துவிட்டேன்.

மச்சாள் மன்னிக்கவில்லை. கோயிலுக்குப் போகிற வழியில் பூத்தட்டோடு நின்று, அந்த வரியை மெல்ல வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள்.

"ஆர் அந்த ஒருவர்?"

செயலாளருக்கு வாய் குழறியது. பெயரைப் போட்டால் நாளைக்கு ஏதும் பிரச்சினை வரலாம், அரசாங்கச் சொத்து, அதுதான் ஒரு பாதுகாப்புக்காக என்றார்.

"பிழை செய்தவையின்ரை பேரைத்தான் மறைக்கிறது. பேரைப் போடுங்கோ."

சரி என்று செயலாளர் சோக்கை எடுத்தார். எடுத்தவர், அண்ணையின் முழுப் பெயரை எந்த முதலெழுத்தோடு எழுதுவது என்று அவளையே கேட்டார். மச்சாள் வழக்கம்போலத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி என்னை நிற்பாட்டினாள். பூத்தட்டை என்னிடம் தந்தாள். செயலாளரின் கையில் இருந்த சோக்கை வாங்கினாள்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவள் பலகையில் எழுதியிருக்கமாட்டாள். சோக்கு ஒருமுறை முறிந்தது. 'ஒருவர்' என்ற சொல்லை உள்ளங்கையால் அழித்தாள். அந்த இடம் போதாமல் மேலே ஏறி, லண்டன் ரயிலில் பாதியை மறைத்து, அண்ணையின் பெயரை அவருடைய தகப்பன் பெயரோடு முழுதாக எழுதினாள். செயலாளரின் எழுத்தைவிட அது பெரிது. சோக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சேலையில் கையைத் துடைக்காமலே பூத்தட்டை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்று அழுதேன். செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பெப்ரவரி பிறந்தது. செயலாளர் பலகையை அழித்து உலகத்தின் பெப்ரவரியை எழுதினார். நடுவில் அந்த ஒரு வரி மட்டும் அழியவில்லை. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த கதையை அதைச் சுற்றி வளைத்து, ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தார். ஏன் இதை அழிக்கவில்லை என்று கேட்டேன். துணி காய்ந்துபோயிற்று, நனைக்கத் தண்ணீர் இல்லை என்றார். மார்ச்சிலும் அவருக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை.

போன கிழமை கிராம சேவகர் ஏதோ பதிவுக்கு ஒழுங்கை வழியாக வந்தார். மச்சாளின் படலையடியில் நின்று கணவர் பெயர் கேட்டார். நான் வழக்கம்போல வேலிக்கரைக்கு ஓடினேன். நான் தேவைப்படவில்லை. மச்சாள் கட்டையில் இருந்து எழும்பாமலே, கையில் தேத்தண்ணியோடு, நிலையத்துப் பக்கம் தாடையைக் காட்டினாள்.

"அங்கை பலகையிலை கிடக்கு, தம்பி. போய்ப் பார்த்து எழுதும்."